ஐம்பதுக்கு மேல் ஏழு மலை

கோயம்புத்தூர்ப் பக்கம் மாசி மாசம் நெருங்கினால் ஒரு கேள்வி புழங்க ஆரம்பித்துவிடும். "இந்த வருஷம் மலைக்குப் போறீங்களா?" எந்த மலை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மருதமலைக்குப் போனால் கோயிலுக்குப் போனதாகச் சொல்வோம். ஊட்டிக்குப் போனால் அது டூர். மலை என்றால் வெள்ளியங்கிரிதான். ஏழு மலை தாண்டி, உச்சியில் பாறைக் குகைக்குள் இருக்கும் சுயம்பு லிங்கத்தைப் பார்த்துவிட்டு வருவது. பிப்ரவரியில் வனத்துறை பாதையைத் திறந்துவிடும், மே மாதத்தோடு மூடிவிடும். நடுவில் இருக்கிற அந்த நாலு மாதம்தான் சீசன்.

எங்கள் வீட்டில் அப்பா போனார், சித்தப்பாக்கள் போனார்கள், தம்பி மீசை முளைக்கும் முன்னாலேயே போனான். எல்லோரும் கையில் ஒரு மூங்கில் தடியோடும் மடக்க முடியாத காலோடும் திரும்பி வந்து ஒரு வாரம் கதை அளப்பார்கள். ஆண்டி சுனைத் தண்ணி எப்படி ஐஸ் மாதிரி இருந்தது, ஏழாவது மலையில் காற்று எப்படி ஆளைத் தள்ளியது, யானை பிளிறியது கேட்டதா இல்லையா. நானும் அம்மாவும் வெந்நீர் போட்டுக் கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருப்போம். பத்து வயசுக்கு மேலே, ஐம்பது வயசுக்குள்ளே பெண்கள் ஏறக் கூடாது என்பது வழக்கம். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் மேற்கே நீலமாகத் தெரிகிற மலை. அவ்வளவுதான் எனக்கும் அதற்கும்.

அந்த வழக்கம் சரியா தப்பா என்று பஞ்சாயத்து வைக்க இதை எழுதவில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு. என் தோழிக்குக் கிடையாது. "சாமி எப்பக் கூப்புடுதோ அப்பப் போனாப் போதும் அம்மணி" என்பாள். ஆனால் அந்த ஐம்பது என்ற கணக்கைப் பற்றி எனக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மாதவிடாய் நின்றுபோகும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பின் அடர்த்தி மளமளவென்று இறங்குகிறது. முட்டித் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருவதும் இந்த வயதுக்கு மேல்தான். அதாவது மலையேற அனுமதியும் முட்டி வலியும் ஒரே தபாலில் வந்து சேருகின்றன. இருபது வயதில் எகிறிக் குதித்து ஏறியிருக்க வேண்டிய பாதையை, கால்சியம் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுகிறோம்.

தோழி பள்ளிக்கூடத்தில் என் பெஞ்ச்காரி. செல்வபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். காலம் முழுக்கக் கால் மிஷின் மிதித்ததால் தன் தொடைக்கு வயசே ஆகவில்லை என்பது அவள் கட்சி. ஐம்பது முடிந்த வருஷமே ஏறிவிட்டாள். அதன் பிறகு சீசனுக்குச் சீசன் போகிறாள், சில வருஷம் சித்ரா பௌர்ணமி கூட்டத்தில்கூட. இந்த சீசனின் முதல் ஏற்றத்துக்கு என்னைக் கூட்டிப்போவதாகச் சொன்னதும், அதற்கு அவள் வைத்த நிபந்தனை மருதமலை. தை மாதம் முழுக்கச் சனிக்கிழமை விடிகாலையில் படி வழியாக ஏறி இறங்க வேண்டும். பஸ்ஸில் ஏறக் கூடாது, படியில் உட்காரக் கூடாது. முருகனைப் பார்த்தேனோ இல்லையோ, என் ஆடுசதையின் ஒவ்வொரு நரம்பையும் அந்த மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

டாக்டரிடமும் போனோம். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 2024 சீசனில் மலையேறப் போனவர்கள் அடுத்தடுத்து இறந்த செய்தி வந்துகொண்டே இருந்தது. மாரடைப்பு, மூச்சுத்திணறல். வயதானவர்கள் மட்டுமில்லை, இளவட்டங்களும். இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அடிவாரத்தில் அறிவித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டே பீடியை அணைத்துவிட்டு ஏறுகிறவர்களையும் பார்த்தேன். பிரஷர் அளந்து, இசிஜி எடுத்து, "போயிட்டு வாங்க, ஓடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார் எங்கள் டாக்டர். ஓடுவதற்கு யாருக்கு முடிகிறது?

சிவராத்திரிக் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்து, ஒரு வாரநாள் சாயங்காலம் காந்திபுரத்தில் பூண்டி பஸ் பிடித்தோம். பேரூர், மாதம்பட்டி, ஆலாந்துறை. இருட்டுப்பள்ளத்தில் சிறுவாணி ரோட்டை விட்டுப் பிரிந்து செம்மேடு தாண்டினால் மலை நேரே முகத்துக்கு எதிரே வந்து நிற்கிறது. வீட்டு மாடியிலிருந்து பார்க்கும் நீலம் அங்கே இல்லை. பழுப்பும் கறுப்பும் பச்சையுமாக, மேலே வழுக்கையாக, வேறு ஒரு ஆள் மாதிரி.

பூண்டியில் வெள்ளியங்கிரி ஆண்டவரையும் மனோன்மணி அம்மனையும் கும்பிட்டுவிட்டுப் பாதைக்கு வந்தால் வனத்துறைச் சோதனை. பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறார்கள். என் பிஸ்கட் பாக்கெட்டைக் கத்தரியால் ஓரமாக வெட்டி, பிஸ்கட்டை ஒரு காகிதக் கவரில் கொட்டி, பிளாஸ்டிக் உறையைப் பக்கத்துச் சாக்கில் போட்டுவிட்டார் அந்தப் பெண் ஊழியர். முறுக்குக்கும் அதே கதி. தண்ணீர் பாட்டிலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அதற்கு வைப்புத் தொகை வாங்கிக்கொண்டார்கள். பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினால் பணம் வாபஸ். இத்தனைக்கு அப்புறமும் மேலே குப்பை கிடக்கிறதா என்றால் கிடக்கிறது. ஆண்டி சுனை ஓரத்தில் குளித்தவர்கள் அவிழ்த்துப் போட்ட ஈரத் துணியைப் பார்த்தால், சாமி கும்பிட வந்தவர்களா இவர்கள் என்று இருக்கும்.

அங்கேதான் ஒரு கூத்து. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே என் தோழி ரவிக்கைக்குள்ளிருந்து ஆதார் கார்டை எடுத்து நீட்டினாள். ஊழியர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "அதெல்லாம் வேண்டாமுங்கம்மா, பாத்துப் போங்க" என்று கையை ஆட்டினார். தோழிக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. "ஒரு பேச்சுக்காச்சும் பொறந்த தேதி என்னன்னு கேட்டிருக்கலாமல்ல?" என்று முதல் மலை பாதி வரை புலம்பிக்கொண்டே வந்தாள்.

தடி வாங்குவதில் அவள் நிபுணி. வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த மூங்கில்களில் ஒவ்வொன்றையும் எடுத்து, கணுவில் விரல் முட்டியால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டாள். ஓட்டைச் சத்தம் வந்தால் வேண்டாமாம். கணு நெருக்கமாக இருக்க வேண்டும். அடி முனை பிளந்திருக்கக் கூடாது. உயரம் தோளுக்குக் கொஞ்சம் கீழே. பிடிக்கிற இடத்தில் சிம்பு இருக்கிறதா என்று உள்ளங்கையால் மேலும் கீழும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுத்தாள். எனக்கு அப்போது இது ரொம்ப ஓவராகப் பட்டது. இறங்கும்போது அந்தத் தடி இல்லையென்றால் நான் இன்னும் நாலாவது மலையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

முதல் மலைதான் கஷ்டம் என்று போனவர்கள் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஒழுங்கில்லாத கல் படிகள், ஒன்று அரை அடி, அடுத்தது ஒன்றரை அடி, நிமிர்ந்து பார்த்தால் மேலே இன்னும் படி, வளைந்தால் மறுபடியும் படி. எங்களைத் தாண்டிக் கல்லூரிப் பையன்கள் "அர அர மகாதேவா" என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். அடுத்த வளைவில் அவர்களே நாக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் தாண்டிப் போனோம். மறுபடி ஓடி வந்து எங்களைத் தாண்டினார்கள். வெள்ளை விநாயகர் கோயில் வருகிற வரைக்கும் இதே விளையாட்டு.

தோழியின் முறை வேறு. அவள் பேசிக்கொண்டே ஏறுவாள். மருமகள் ரசத்தில் வெல்லம் போடுவது, சீட்டு எடுத்தவர் பணம் கட்டாமல் இழுப்பது, இந்தக் காலத்துக் கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலைக்கு எவ்வளவு கேட்கலாம் என்பது. நடுவில் என்னைக் கேள்வி கேட்பாள். நான் பதில் சொல்லத் திணறினால் உடனே நடையைக் குறைப்பாள். "பேச்சு நின்னா வேகம் சாஸ்தின்னு அர்த்தம் அம்மணி. பேச்ச விடாத, நடையக் கொற." இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உடற்பயிற்சி மருத்துவத்தில் இதே சோதனையைத்தான் வைத்திருக்கிறார்கள்: பேச முடிகிற வேகம் மிதமான வேகம், நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லையென்றால் அது கடுமையான வேகம். இதயத்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் கட்டியிருந்த பையன்களைவிட அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. மலைக்குத் துணை வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதைப் பாதுகாப்புக்கு என்றுதான் நினைத்திருந்தேன். மூச்சை அளக்கவும் துணை வேண்டும். அதுவும் வம்பு பேசுகிற துணை.

ஒரு விஷயம் கவனித்தேன். அவள் வெறுங்கால். நான் கேன்வாஸ் ஷூ. ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. ஆனால் வழியில் செருப்போடு போன ஒரு ஆளைப் பார்த்துத் "தென்கயிலைங்கறாங்க, செருப்போட போறாங்க" என்று என் காதில் விழுகிற மாதிரி சொன்னாள். எங்கள் நட்பு இப்படித்தான்.

இரண்டாவது மலையில் பாம்பாட்டி சுனை. பாறைக்குள்ளிருந்து வருகிற தண்ணியில் முகம் கழுவி, பாட்டிலை நிரப்பிக்கொண்டோம். மூன்றாவதில் கைதட்டி சுனை. கைதட்டினால் தண்ணி வரும் என்பார்கள். தட்டினோம், வந்தது, தட்டாமல் இருந்தாலும் வந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு மேல் பாதை கொஞ்ச தூரம் தயவு காட்டுகிறது. மரம் அடர்ந்த இடம், காலடியில் மண். டார்ச் வெளிச்சத்துக்கு வெளியே ஏதாவது கிளை முறிந்தால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்துவோம். போளுவாம்பட்டி வனச்சரகம் முழுக்க யானை நடமாடும் காடு. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தோடு சேர்ந்த பகுதி இது. நாம் கும்பிடப் போகிற வழி, யானைக்கு வீட்டுக்குப் போகிற வழி.

ஒவ்வொரு மலையிலும் ஓலைப் பந்தலோ தார்ப்பாயோ போட்ட ஒரு கடை. சுக்கு காபி, எலுமிச்சை சோடா, வெள்ளரிக்காய். கீழே விற்கிற விலை மேலே விற்காது, அதற்குக் கோபப்படவும் எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த எலுமிச்சை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் எங்களைத் தாண்டிப் போனதை இரண்டாவது மலையிலேயே பார்த்துவிட்டேன். இந்த அடிவாரத்தில் இருளர், மலசர் குடியிருப்புகள் உண்டு. மேலே யாருக்காவது கால் பிசகினாலோ மயக்கம் வந்தாலோ டோலி கட்டித் தூக்கி வருவதும் மலை பழகிய பையன்கள்தான்.

ஐந்தாவது மலையில் மரங்கள் குறைந்து வானம் திறக்கிறது. பீமன் களி உருண்டை என்று ஒரு பெரிய உருண்டைப் பாறை. வனவாசத்தில் பீமன் தின்ற களியாம். "இவ்ளோ பெரிசு உருட்டுனவ எவளோ, அவ கை என்னாத்துக்கு ஆகும்?" என்றாள் தோழி. அங்கே நின்று கிழக்கே திரும்பினால் கோயம்புத்தூர் முழுக்க விளக்காகக் கிடக்கிறது. எங்கள் வீடு எந்தப் பக்கம் என்று இருவரும் தேடினோம். அவள் காட்டிய பக்கம் செல்வபுரம், நான் காட்டிய பக்கமும் செல்வபுரம், இரண்டும் வேறு வேறு பக்கம்.

காற்று இங்கிருந்து ஆரம்பம். வெள்ளியங்கிரிக்குத் தெற்கே பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை முறிந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் திறந்து கிடக்கிற இடம். கோயம்புத்தூரின் சாயங்காலக் காற்றுக்கு அந்த வாசல்தான் காரணம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும், அதோடு வியர்வையில் நனைந்த துணி. ஸ்வெட்டரைக் கடைசிவரை பையிலேயே வைத்திருந்து இந்த இடத்தில்தான் போட வைத்தாள். ஏறும்போதே போட்டால் வியர்வையில் நனைந்து, தேவைப்படும்போது உதவாது.

ஆறாவது மலையில் பாதை இறங்குகிறது. ஏறி வந்த உயரத்தைத் திருப்பிக் கொடுப்பது என்ன நியாயம் என்று தோன்றும். இறக்கத்தின் அடியில் ஆண்டி சுனை. தோழி சேலையோடு இறங்கி மூன்று முழுக்குப் போட்டாள். நான் கை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டேன். என் பக்தி அந்தக் குளிருக்கு அவ்வளவுதான். அவள் பல் கிடுகிடுக்க எழுந்து வந்து சேலை மாற்ற, நான் போர்வையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதை முழுக்க ஆண்களுக்காகவே அமைந்துபோன இடம். பெண்கள் உடை மாற்ற மறைவு, கழிப்பிடம் என்று எதையும் எதிர்பார்க்காமல் வருவது நல்லது. தனியாக வருகிற ஒரு பெண்ணுக்கு இந்தப் போர்வையை யார் பிடிப்பார்கள்?

எத்தனையோ ஓடைகள் இந்த மலைகளிலிருந்து இறங்கித்தான் நொய்யல் ஆகிறது. பேரூர்ப் படித்துறையைத் தொட்டு, ஊருக்குள் சாக்கடையை வாங்கிக்கொண்டு, திருப்பூர் போய்ச் சாயத்தில் நனைந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. அந்தச் சாயத்தண்ணி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, விவசாயம் கெட்டுப்போன கதை எங்கள் பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. தோழி தைக்கிற துணியில் பாதி திருப்பூர்த் துணி. "நான் இங்க குளிச்சது அங்க போய்ச் சேர எத்தன நாளாகும்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பல் எனக்கும் கிடுகிடுத்தது.

ஏழாவது மலை வெறும் புல்லும் பாறையும். நிழல் இல்லை, பிடிக்க மரம் இல்லை. இரவில் ஏறுவதே இந்த மலையை வெயிலில் சந்திக்கக் கூடாது என்றுதான். தோழி இங்கே மட்டும் பேசவில்லை. நான் பயந்துபோய், "என்னடி, பேச்சக் காணோம்?" என்றேன். "காத்துல கேக்காது, கத்துனா மூச்சுப் போயிரும். நட." தடியை முன்னால் ஊன்றி, குனிந்து, நாலு அடி வைத்து நின்று, மறுபடி நாலு அடி.

உச்சியில் மூன்று பெரும் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து ஒரு வாசல். உள்ளே குனிந்து போனால் லிங்கம். வெளியே காற்று அத்தனை ஆட்டம் போட, உள்ளே கற்பூரம் நேராக நின்று எரிந்தது. விபூதி கொடுத்தார்கள். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்தோம். அப்பா சொன்ன கதைகளில் இந்த இடம் இன்னும் பெரிதாக இருந்தது. நான் அழுவேன் என்று தோழி நினைத்திருப்பாள் போல, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, பசிதான் வந்தது. கிழக்கே சூரியன் ஏறிக்கொண்டிருக்க, பாறை மறைவில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம்.

இறக்கத்தைப் பற்றி ஏன் யாரும் கதை சொல்வதில்லை என்று எனக்கு இப்போது புரிகிறது. அதில் பெருமை இல்லை. ஏறும்போது வேலை செய்வது நெஞ்சு. இறங்கும்போது முட்டி. தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருப்பதால் அதில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. மறுநாளும் அதற்கு மறுநாளும் வருகிற அந்தப் பிரசித்தி பெற்ற வலி அங்கிருந்துதான். ஒரு வழிக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர் என்பது ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது வேறு கணக்கு. தோழி பக்கவாட்டில் இறங்கச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் தடி, அப்புறம் வலிக்கிற கால், கடைசியில் நல்ல கால். ஏறும்போது நல்ல கால் முதலில். எனக்கு எது நல்ல கால் என்று மூன்றாவது மலைக்குக் கீழே குழப்பமாகிவிட்டது.

முதல் மலைப் படிகளில் வெயில் சுள்ளென்று இறங்கியிருந்தது. குதித்துக் குதித்து இறங்கிய ஒரு பையன், "பாட்டி, பாத்துங்க, கல்லு ஆடுது" என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல மனசுதான். தோழி தடியைத் தரையில் ஊன்றி நின்றாள். "பாட்டியாம். ஆதார் கார்டப் பாக்காமயே எல்லாருக்கும் தெரியுது."

அடிவாரத்தில் பாட்டிலைக் காட்டி வைப்புத் தொகையை வாங்கி, அதே காசில் ஆளுக்கொரு பன்னீர் சோடா குடித்தோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இரண்டு தடியையும் எங்கே வைப்பது என்று கண்டக்டருக்கும் தோழிக்கும் பேரூர் வரை வாக்குவாதம்.

இரண்டு நாள் கழித்து போன் செய்தாள். "எப்படி இருக்குது?"

"உக்கார முடியல. உக்காந்தா எந்திரிக்க முடியல. கக்கூஸ்ல செவுத்தப் புடிச்சுத்தான்."

"அப்பச் சரியாத்தான் ஏறியிருக்கற. பங்குனி பௌர்ணமிக்குப் போலாமா? என்ற தங்கச்சியும் வரேங்கறா."

"அவளுக்கு அம்பது ஆச்சா?"

"ஆடி மாசம் முடியுது."

"ஆடியில மலை மூடியிருக்குமேடி."

"அதான் சொல்லிட்டேன். அடுத்த சிவராத்திரி வரைக்கும் சனிக்கெழம சனிக்கெழம மருதமலை ஏறட்டும். நீயும் வா, அவளுக்குத் துணைக்கு."